எங்க இரிக்கி, காட்டுங்க

கணக்கு டீச்சரிடம் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு நிம்மதியாக நகர்ந்தவர்கள் எங்கள் பாடசாலையில் ஒருவரும் இல்லை. "நாளைக்கு லீவாம் டீச்சர்" என்று சந்தோஷமாகப் போய்ச் சொன்னால், திருத்திக்கொண்டிருக்கும் கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார்: "எங்க இரிக்கி, காட்டுங்க." கல்விக் கந்தோரிலிருந்து வந்த கடிதத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைக்கவேண்டும். வைக்காவிட்டால் அவருக்கு நாளைக்குப் பாடசாலை உண்டு. நாங்களெல்லாம் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்க, அவர் மட்டும் குடையும் கையுமாகப் போய்ப் பூட்டிய கேற்றைப் பார்த்துவிட்டு வருவார். வரும் வழியில் என் வீட்டு வாசலில் நின்று, "போய்ப் பாத்திட்டு வாறன். உண்மைதான், லீவுதான்" என்று எனக்கே சொல்லிவிட்டுப் போவார். லீவு என்று அவருக்கு முதலில் சொன்னதே நான்தான்.

எரிச்சல் வருமா வராதா? எனக்கு வந்தது. நான் வர்த்தகப் பாடம் படிப்பித்தேன். யாராவது ஒன்றைச் சொன்னால் தலையாட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கிற சாதி நான். கல்முனைக்குத் தெற்கே, கடலை ஒட்டிய எங்கள் ஊரில், என் வளவுக்கு இரண்டு வளவு தள்ளி அவருடைய வீடு. ஆகவே பாடசாலையிலும் அவர், வீட்டுக்கு வந்தாலும் அவர். என் மூத்தவனுக்குக் காய்ச்சல் என்று சொன்னால் கூட நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் "ஓம், காயுதுதான்" என்பார். அதற்குப் பிறகு கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருவதும் அவர்தான். ஊரே வாய்ப்பேச்சில் அனுதாபப்படும்போது, நம்புவதற்கு முன் தொட்டுப் பார்த்த ஒருவர் கொண்டுவந்த கஞ்சிக்கு ஒரு தனிப் பெறுமதி இருந்தது.

அவர் கண்ணை மூடி மௌத்தாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் யாராவது கைத்தொலைபேசியில் வந்த ஒன்றை வாசித்துக் காட்டினால் என் வாயில் அவருடைய கேள்விதான் முதலில் வருகிறது.

எங்கள் பகுதியில் பெண்பிள்ளை பிறந்தால் வீட்டைப் பற்றிய யோசனையும் கூடவே பிறந்துவிடும். வீடு மகளுக்கு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். டீச்சருக்கு ஒரே மகள். பிள்ளை சின்னப் பாடசாலைக்குப் போகத் தொடங்கியதுமே தன்னுடைய வீட்டுக்குப் பக்கத்தில் அவளுக்கு அத்திவாரம் போட்டுவிட்டார். ஒவ்வொரு அறையின் அகலத்தையும் தானே நாடா பிடித்து அளந்தார். மேசன் சொன்ன அளவை அவர் நம்பியிருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளை ஓதப் போயிருந்தாள். கடற்கரைப் பக்கத்தில் இருந்த குர்ஆன் மதரசாவுக்கு. குர்ஆன் முஸ்ஹபை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் வேலியைக் கடந்து போனாள். "சாச்சி, உம்மா கேட்டா நான் நேரத்தோட போயிட்டன் எண்டு சொல்லுங்க" என்றாள். உம்மா கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது நான் மாடிவீடு ஒன்றில் ஏறித் தப்பினேன். டீச்சர் ஒரு முருங்கைமரத்தைப் பிடித்துக்கொண்டு தப்பினார். பிள்ளையின் மையித்து கிடைத்தது. கிடைத்ததையே ஒரு பாக்கியம் என்று ஆட்கள் சொன்ன நாட்கள் அவை.

அவருடைய வீடு முழுதாகப் போய்விட்டது. மகளுக்குப் போட்ட அத்திவாரம் மட்டும் ஒரு கல் கூட அசையாமல் இருந்தது.

தண்ணீர் வற்றிய பிறகு எல்லோரும் இடிபாடுகளுக்குள் அலுமாரியையும் நகையையும் தேடினோம். அவர் சேற்றில் கிடந்த முஸ்ஹபுகளைப் பொறுக்கினார். மணலும் உப்பும் ஏறி ஒட்டிப்போன பக்கங்கள். ஓத முடியாமல் போன குர்ஆனைக் குப்பையில் போடமாட்டோம். கால்படாத இடத்தில் மரியாதையாக அடக்குவோம். மையவாடியில் அப்போது மனிதரை அடக்கவே ஆட்கள் போதாமல் இருந்தது. டீச்சர் ஒரு வெள்ளைச் சீலையில் அவற்றைச் சுற்றி, மகளின் அத்திவாரத்துக்குள்ளே, எந்த அறை மகளுக்கு என்று நினைத்திருந்தாரோ அந்த அறைக்குள்ளே, தானே குழி வெட்டி அடக்கினார். "இதுக்குள்ள இனி ஆருட காலும் படாது" என்றார். கடற்கரையில் இனி வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அதையும் அவர் பிரதேச செயலகத்துக்குப் போய் அறிவித்தலை வாசித்துவிட்டு வந்துதான் சொன்னார்.

பலகையால் அடித்த தற்காலிக வீடுகளில் எங்களைக் குடிவைத்தார்கள். லொறி லொறியாகச் சாமான் வந்தது. குளிருக்குப் போடும் தடித்த கோட்டு வந்தது, திகதி முடிந்த பால்மா வந்தது. நாங்கள் கிடைத்ததை வாங்கி உள்ளே வைத்தோம். டீச்சர் வரிசையில் நின்றுகொண்டே ஒவ்வொரு டின்னையும் திருப்பிப் பார்ப்பார். "சும்மா தாற சாமானுக்கும் திகதி பாக்கணும். வயிறு ஒண்டுதானே" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். கொடுத்தவர்களுக்கு முகம் சுருங்கும். எங்களுக்கும் வெட்கமாக இருக்கும். பிறகு நாங்களும் களவாக டின்னைத் திருப்பிப் பார்ப்போம்.

ஒருநாள் பகல், "கடல் வருது, கடல் வருது" என்று யாரோ கத்தினார்கள். முகாமே எழும்பி மேற்கே மாவடிப்பள்ளிப் பக்கம் வயல்வெளியைப் பார்த்து ஓடியது. செருப்பு ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். நான் ஓடும்போது எனக்கு எதிரே ஒரே ஒரு ஆள் வந்துகொண்டிருந்தார். முக்காட்டை இறுக்கிக்கொண்டு, கடலைப் பார்த்து, நேராக. "எங்க டீச்சர் போறீங்க!" என்று கத்தினேன். "பாக்கப் போறன்" என்றார். நாங்கள் வயலுக்குள் சேறும் சகதியுமாக நின்றபோது அவர் திரும்பி வந்து வரம்பில் நின்று அறிவித்தார்: "கடல் அதுட இடத்துலதான் இரிக்கி. வாங்க, உலைய வெச்சிட்டு வந்த ஆக்கள் சுறுக்கா வாங்க." சிரிப்பும் அழுகையுமாகத் திரும்பினோம். மகளைக் கொண்டுபோன கடலிடம் அந்த மனுஷி தன்னந்தனியாக எப்படி நடந்து போனார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்தப் பயான் வந்து சேர்ந்தது.

மார்க்கப் பிரசங்கம் செய்ய வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர் முகாமுக்கு வந்திருந்தார். ஆண்கள் முன்னால், நாங்கள் சீலை மறைப்புக்குப் பின்னால். நல்ல குரல் அவருக்கு. அழவைக்கத் தெரிந்த குரல். இந்தக் கரையில் பெண்கள் வழி தவறியதால்தான் கடல் வந்தது, இது அல்லாஹ்வின் தண்டனை, குர்ஆனிலேயே இருக்கிறது என்றார். மறைப்புக்குப் பின்னால் பெண்கள் வாயில் சீலையை அடைத்துக்கொண்டு அழுதார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண்கள் அவர்களில் பாதிப் பேர். அப்போதுதான் சீலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் எழும்பியது.

"எங்க இரிக்கி, காட்டுங்க."

ஒலிவாங்கி கொஞ்ச நேரம் கரகரத்தது.

"ஆரு அது?" என்றார் பேச்சாளர்.

"ஆரெண்டாலும் என்ன. குர்ஆன்ல இரிக்கி எண்டு சொன்னீங்க. எந்தச் சூறா, எத்தினாம் ஆயத்து? என்ட மகள் ஓதப் போன எடத்துலதான் மௌத்தானவ. ஓதப் போன புள்ளைக்கு என்ன தண்டனை எண்டு நான் பாக்கணும்."

ஆண்கள் பக்கமிருந்து "இரிங்க, இரிங்க" என்று சத்தம் வந்தது. பேச்சாளர் துஆவை ஓதிக் கூட்டத்தை முடித்துவிட்டார். கூட்டம் முடிந்தது, கேள்வி முடியவில்லை. தண்ணீரில் மூழ்கி இறந்தவருக்கு உயிர்த்தியாகியான ஷஹீதின் அந்தஸ்து என்று எத்தனையோ பேர் வந்து அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். "அது தெரியும். ஆனா இவர் வேற சொல்றாரே. ரெண்டும் எப்புடிச் சரியா வரும்?" என்று கேட்டார்.

குர்ஆனை மொழிபெயர்ப்போடு முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். கடல் என்று எங்கெங்கே வருகிறது, என்ன சொல்லி வருகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். ஆனால் கையால் தேடினால் ஒன்று விடுபடும், ஒன்று விடுபட்டால் முழுக் கணக்கும் பிழை என்று அவருக்குக் கவலை. அந்த நேரத்தில்தான் ஊரில் பெண்களுக்கென்று ஒரு வாசிகசாலை திறந்தார்கள். கட்டாரில் நெடுங்காலம் உழைத்துவிட்டு வந்த ஹாஜியார் ஒருவர் அதற்குத் தலைவர். தங்கமான மனுஷன். மௌத்தாகிப் போன தன் வாப்பாவின் பெயரில் ஒரு கம்பியூட்டரும் குர்ஆன் மென்பொருள் உள்ள ஒரு சீடியும் அறக்கொடையாக வக்பு செய்தார். அதில் ஓதுகிற ஒவ்வொரு எழுத்தின் நன்மையும் கபுறில் இருக்கும் வாப்பாவுக்குப் போய்ச் சேரும் என்பது அவர் மனதில் வைத்த நிய்யத்து. திறப்பு விழாவில் அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

டீச்சர் முதல் நாளே போய் உட்கார்ந்தார். தமிழில் சொல்லைத் தட்டினால் அந்தச் சொல் வரும் வசனமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கப்பல் ஓடும் கடல், மீன் தரும் கடல், மூசா நபிக்குப் பிளந்த கடல் எல்லாம் வந்தன. நான் பக்கத்தில் ஏதோ சஞ்சிகை புரட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவருடைய விரல் நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு வசனத்தின் நடுவில் நல்ல தமிழில் அந்த வரி இருந்தது: பெண்கள் வழி தவறும்போது கடல் ஊர்களை விழுங்கும்.

"இரிக்கி" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அவருடைய உதடு வெளுத்துப் போயிருந்தது. எத்தனையோ பேரை மடக்கிய அவருடைய கேள்வி, அன்றைக்கு அவருக்கே பதில் சொல்லிவிட்டது. நான் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டார். அன்று பின்னேரம் அவர் பலகை வீட்டின் கதவைத் திறக்கவே இல்லை. அவருடைய கணவர் வாசலில் குந்தியிருந்து, "அவ ஒண்டும் கதைக்கிறல்ல" என்று என்னிடம் சொன்னார். எனக்கு அந்தப் பேச்சாளர் மீது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அடுத்த நாள் காலையில் அவரே வந்து என் கதவைத் தட்டினார். கண் வீங்கியிருந்தது, ஆனால் குரல் வகுப்பறைக் குரல்.

"புள்ள, ஒரு கணக்க ஒரு வழியில மட்டும் செஞ்சிட்டு விடை சரியெண்டு சொல்ல ஏலுமா?"

"ஏலா" என்றேன். கணக்கு எனக்கு எப்போதும் பயம்தான், ஆனாலும் அந்த மட்டில் தெரியும்.

"அப்ப வாங்க. வேற வழியால செஞ்சு பாப்பம்."

அப்படித்தான் அந்தத் தேடல் தொடங்கியது. நாங்கள் போனது சுதனிடம். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்த இளைஞர். கல்முனை பிரதான வீதியில் கம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தார். வாசிகசாலைக் கம்பியூட்டரைப் பார்ப்பவரும் அவர்தான். டீச்சர் விசயத்தைச் சொன்னதும், சுதன் உள்ளே போய் மினுங்குகிற சீடி ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இது வெளிநாட்டுல நல்ல விலைக்கு விக்கிற சாமான் டீச்சர். பூட்ட உடைச்சு நான் கொப்பி எடுத்து வெச்சிருக்கன். உங்களுக்குச் சும்மா தாறன்."

டீச்சர் அதைத் தொடவில்லை.

"தம்பி, கோவிச்சுக்காதங்க. களவெடுத்த சாமான வெச்சு என்ட மகள்ட நியாயத்தத் தேட ஏலா. செஞ்சவனே மனசார இந்தா எடு எண்டு தாறது ஏதும் இல்லையா?"

சுதன் சீடியை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, "இரிக்கி டீச்சர். தேடி இறக்கணும்" என்றார்.

இறக்குவது என்றால் இன்றைக்குப் போல இல்லை. தொலைபேசிக் கம்பி வழியாக இன்டர்நெட் சொட்டுச் சொட்டாக வரும். பாதியில் கரண்ட் போகும். திரும்ப முதலிலிருந்து தொடங்கவேண்டும். வீதியில் சோதனை, கடையடைப்பு, ஊரடங்கு என்று ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொன்று. டீச்சர் பாடசாலை விட்டதும் அங்கே போய்ச் சுவரோரக் கதிரையில் கொப்பி திருத்திக்கொண்டு காத்திருப்பார். சுதனின் கடைக்கு வருகிறவர்கள் அவரையும் கடைச் சாமான்களில் ஒன்றாக நினைத்திருப்பார்கள்.

ஒவ்வொன்றாக வந்தது, ஒவ்வொன்றாக விழுந்தது. ஒன்றைத் திறந்தால் கஃபா சுழன்றது, பின்னால் இசை வந்தது. எனக்குப் பிடித்திருந்தது, சொன்னேன். "படம் நல்லம்தான். தர்ஜமா செஞ்ச ஆள்ட பேர் எங்க?" என்றார். மொழிபெயர்த்தவரின் பேர் இல்லை. விழுந்தது. இன்னொன்றில் தமிழ் எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியாகத் தெரிந்தது. இன்னொன்று இன்டர்நெட் இல்லாமல் வாயே திறக்காது. வேறொன்று நன்றாக இருந்தது, ஆனால் மற்றவர்களுக்குக் கொப்பி கொடுக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். அந்த நிபந்தனையை ஆங்கிலத்தில் கடைசி வரி வரைக்கும் வாசித்தவர் இந்தக் கரையில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். "எனக்கு மட்டும் தெரிஞ்சு என்ன செய்ய? அண்டைக்கு மறைப்புக்குப் பொறகால அழுத அவ்வளவு பேருக்கும் குடுக்கணும்" என்றார்.

கடைசியில் வந்தது பார்வைக்கு ஒன்றுமில்லாதது. வெள்ளைத் திரை, அவ்வளவுதான். ஆனால் மேலே அரபு வசனம். அதற்குக் கீழே ஒரு மொழிபெயர்ப்பு, செய்தவரின் பெயரோடு. அதற்கும் கீழே இன்னொருவரின் மொழிபெயர்ப்பு. விளக்கம் வேண்டுமென்றால் தனியே பொத்தானை அமத்திப் பார்க்கவேண்டும், அது தனிப் பெட்டியில் வரும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம். அரபுச் சொல்லையே தேடலாம். "வடிவில்ல. ஆனா ஒளிக்கிறத்துக்கு ஒண்டும் இல்ல" என்றார் டீச்சர். அவர் ஒரு பொருளுக்குக் கொடுத்த ஆகப் பெரிய பாராட்டு அதுதான்.

அந்த வசனத்தை எடுத்தார். ஹாஜியாரின் மென்பொருளில் எடுத்து எழுதியதைப் பக்கத்தில் வைத்தார். இரண்டு மொழிபெயர்ப்பும் ஏறக்குறைய ஒன்று. அந்த வரி இரண்டிலும் இல்லை. அரபியில் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் பார்த்தார். ஓதத் தெரிந்த மௌலவி ஒருவரிடம் கொண்டுபோயும் கேட்டார். இல்லை. ஹாஜியாரின் மென்பொருளைச் செய்தவர்கள், யாரோ ஒருவருடைய விளக்கத்தையும் வசனத்தோடு சேர்த்து ஒரே எழுத்தில் ஓடவிட்டிருந்தார்கள். எது அல்லாஹ்வின் சொல், எது மனுஷனின் சொல் என்று பிரிக்க வழியே இல்லாமல்.

"மூசா நபியத் துரத்தின ராசா பிர்அவ்ன் மூழ்கினது இரிக்கி. நூஹ் நபிட கூட்டம் மூழ்கினது இரிக்கி" என்றார் டீச்சர். "அத நான் இல்லையெண்டு சொல்ல மாட்டன். என்ட புள்ள பிர்அவ்னா?" பிறகு மூசா நபியின் உம்மா குழந்தையைத் தண்ணீரில் விட்ட இடத்தை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான், இத்தனை காலத்துக்குப் பிறகு, அவர் சத்தம்போட்டு அழுததை நான் கேட்டேன். சுதன் எழும்பி வெளியே போய்க் கடைக் கதவை அரைவாசி சாத்தினார்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு நின்றிருப்பார்கள். நான் நின்றிருப்பேன். டீச்சர் நேரே ஹாஜியாரிடம் போனார். வாசிகசாலையில் இருப்பதை அழிக்கவேண்டும், இதைப் போடவேண்டும் என்றார். ஹாஜியார் பதறிவிட்டார். இது கொஞ்சக் காலம் இழுபட்டது. அவர் ஒவ்வொரு முறையும் புதியதையும் போடுங்கள், பழையதும் இருக்கட்டும் என்பார். டீச்சர் இரண்டும் இருந்தால் படமுள்ளதைத்தான் பிள்ளைகள் திறப்பார்கள் என்பார். அதுவும் உண்மைதான், நானே படமுள்ளதைத்தான் திறந்தேன்.

முடிவு வந்தது யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன வாரத்தில். சந்தியில் பட்டாசு வெடித்தது, பாற்சோறு கொடுத்தார்கள். பாண்டிருப்புப் பக்கம் கதவுகள் சாத்தியிருந்தன. அந்த வாரத்தில் சுதன் எங்கள் ஊருக்கு வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். டீச்சர் அவரிடம், "உங்கட ஆக்கள் வன்னியில ஆரும் இரிக்காங்களா தம்பி?" என்று கேட்டார்.

"சித்தி குடும்பம் டீச்சர். ஒரு கதையும் இல்ல."

டீச்சர் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி அவர் கையில் கொடுத்தார்.

கம்பியூட்டரைத் திறந்தாயிற்று. அழிக்கவேண்டிய இடத்துக்கும் போயாயிற்று. அமத்துவதற்கு ஆள் இல்லை. சுதன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"டீச்சர், இது உங்கட வேதம். நான் கை வெச்சு அழிச்சா, அதுவும் இந்தக் கிழமையில, நாளைக்குச் சந்தியில என்ன கதை வரும்?"

டீச்சர் என்னைப் பார்த்தார். குர்ஆன் என்று எழுதியிருந்ததை நான் எப்படி அழிப்பேன்? "எனக்கு ஏலா டீச்சர்" என்று எழும்பி ஜன்னல் பக்கம் போனேன். ஹாஜியார் வாசலில் நின்றார்.

"குர்ஆன அழிச்ச பொம்புள எண்டு பேர் எடுக்கப் போறீங்களா டீச்சர்?" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, கெஞ்சினார். "என்ட வாப்பாட பேர்ல வக்பு செஞ்சது. அவருக்கு நன்மை போய்க்கொண்டிரிக்கி. அத நிப்பாட்டாதங்க."

டீச்சர் கதிரையைத் திருப்பிக்கொண்டார்.

"ஹாஜியார், இதுல சரியா ஓதினா உங்கட வாப்பாக்கு நன்மை போகும். அது சரி. அல்லாஹ் சொல்லாதத அல்லாஹ் சொன்னான் எண்டு இதுல வாசிச்சிட்டு ஒரு பொம்புள வீட்ட போய் அழுதா, அது ஆருக்குப் போகும்? அதையும் அந்த மனுஷன்ட கபுறுக்கு அனுப்பட்டுமா?"

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"கடல் நனைச்ச முஸ்ஹபு எல்லாத்தையும் இந்தக் கையாலதான் அடக்கின" என்றார் டீச்சர். "ஓத ஏலாமப் போனத வெச்சிரிக்கிறல்ல. இதுவும் ஓத ஏலாதது."

எழும்பிப் போய்ப் பைப்பைத் திறந்து, தொழுகைக்குக் கழுவுவதுபோல் ஒழு எடுத்தார். முழங்கை வரைக்கும், கால் வரைக்கும், ஒரு அவசரமும் இல்லாமல். ஈரம் சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி அமத்தினார். நிச்சயமாக அழிக்கத்தான் வேண்டுமா என்று கம்பியூட்டர் ஆங்கிலத்தில் கேட்டது. நான் அறிய அவரிடம் அவருடைய பாணியிலேயே கேள்வி கேட்டது அது ஒன்றுதான். "ஓம்" என்று வாயாலும் சொல்லிவிட்டு அமத்தினார்.

ஹாஜியார் மெதுவாக உள்ளே வந்தார். "மற்றதப் போடுங்க தம்பி" என்றார் சுதனிடம். "வாப்பாட பேரும் அப்புடியே இரிக்கட்டும்." சீடியை டீச்சர் வெள்ளைச் சீலைத் துண்டு ஒன்றில் சுற்றி எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் அது மகளின் அத்திவாரத்துக்குள், மற்றவற்றோடு போய்ச் சேர்ந்தது.

ஊர் பேசாமல் விடுமா? பேசியது. குர்ஆன் அழிச்ச டீச்சர் என்று ஒரு பெயரும் கொஞ்சக் காலம் நடமாடியது. அவர் காதில் விழுந்தால், "எங்க அழிச்ச, காட்டுங்க" என்பார்.

அந்தக் கிழமையே வாசிகசாலைக்கு ஒரு பெண் வந்தாள். முகாமில் எங்கள் வரிசையில் இருந்தவள், இரண்டு பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவள். அவள் யாரோடும் அதிகம் கதைப்பதில்லை. கதிரையின் நுனியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, பிறகு டீச்சரைப் பார்த்துக் கேட்டாள்.

"டீச்சர், முந்தி இதுல இருந்த அந்த வரி எங்க?"

"எந்த வரி?"

"எங்களாலதான் கடல் வந்த எண்டு இருந்துதே. நான் அத வாசிச்சிரிக்கன்." குரல் இறங்கிவிட்டது. "அண்டைக்கு விடிய நான் சுபஹ் தொழல்ல டீச்சர். அசதியாப் படுத்திட்டன். என்னாலதான் புள்ளையள் ரெண்டும் போன. நான் ஆருக்கும் சொல்லல்ல."

இத்தனை வருடமும் அந்தப் பெண் இதைச் சுமந்துகொண்டு எங்கள் நடுவில் சோறு ஆக்கியிருக்கிறாள், உடுப்புத் துவைத்திருக்கிறாள். டீச்சர் அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"எங்க இரிக்கி? காட்டு பாப்பம்."

அவள் விழித்தாள். டீச்சர் அந்த வசனத்தை எடுத்து வைத்தார். அரபு, கீழே ஒன்று, அதற்கும் கீழே இன்னொன்று. அவள் எழுத்துக்கூட்டி இரண்டையும் வாசித்தாள். அந்த வரி இல்லை. பிறகு டீச்சர் தேடும் பெட்டியில் பெண்கள் என்று தட்டினார், பக்கத்தில் கடல் என்று தட்டினார். இரண்டும் சேர்ந்து வருகிற ஒரு வசனமாவது இருக்கிறதா என்று கேட்டு அமத்தினார். திரை வெள்ளையாக நின்றது. ஒன்றும் இல்லை என்று ஒரு வரி மட்டும் வந்தது.

"இன்னொருக்கா அமத்துங்க டீச்சர்" என்றாள் அவள்.

அமத்தினார். ஒன்றும் இல்லை.

டீச்சர் மவுஸை அவள் கைக்குள் வைத்துவிட்டு எழும்பினார். "நீயே பாரு. நல்லாத் தேடிப் பாரு. நானும் இப்புடித்தான் தேடின" என்றார். அவள் திரும்பத் திரும்ப அமத்திக்கொண்டே இருந்தாள். பின்னேரம் அசர் பாங்கு சொன்னபோதும் அந்தக் கதிரையில் இருந்து எழும்பவில்லை, நாங்களும் எழுப்பவில்லை.